விளையாட்டை விட்டுவிடு என்று சொல்வதற்கு முன்



சென்ற டிசம்பர் மாத இறுதியில் எங்கள் வீட்டு உணவு மேசையில் ஒரு கேள்வி எழுந்தது. என் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயிலும் முதலாண்டு மாணவி. உயர்நிலை ஒன்றிலிருந்தே ஹாக்கி விளையாடி வருபவள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மகளிர் அணிக்கான தேர்வில் கலந்துகொண்டு இடமும் பெற்றுவிட்டாள். வாரத்தில் மூன்று மாலைகள் பயிற்சி, சில சனிக்கிழமைகளில் ஆட்டம். வீட்டுக்கு வந்து சேர இரவு பத்தரை மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு ஆய்வுக்கூட அறிக்கை எழுத உட்காருவாள். விளக்கு எப்போது அணைந்தது என்பது பல நாள்களில் எனக்குத் தெரியாது.

முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. எதிலும் தோல்வி இல்லை. ஆனால் வேதியியல் தொடர்பான ஒரு பாடத்தில் மயிரிழையில்தான் தேறியிருந்தாள். என் கணவர் அதிகம் பேசாதவர். கைத்தொலைபேசியில் முடிவைப் பார்த்துவிட்டு, "ஹாக்கி போதும்மா. படிப்பு முடியட்டும், அப்புறம் விளையாடலாம்," என்று மட்டும் சொன்னார். மகள் அவருக்கு மறுமொழி கூறவில்லை. என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து வருகிறேன். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளில் இதே கேள்வியை எத்தனையோ தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று என் மகளுக்குப் பதில் சொல்ல மட்டும் எனக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் ஒரு மாணவன்.

2014-ஆம் ஆண்டு. அவன் தொடக்கநிலை ஆறில் படித்துக்கொண்டிருந்தான். பள்ளியின் ஓட்டப்பந்தய அணியில் அவன்தான் முதன்மையானவன். அஞ்சல் ஓட்டத்தில் கடைசிக் கட்டத்தை அவனிடம்தான் கொடுப்பார்கள். அரையாண்டுத் தேர்வில் அவனுடைய மதிப்பெண்கள் எல்லாப் பாடங்களிலும் சற்றே இறங்கியிருந்தன. சந்திப்பு நாளன்று அவனுடைய தாயார் என் எதிரில் அமர்ந்து, "டீச்சர், ஓட்டத்தை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். அவன் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். "தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வு முடியும்வரை நிறுத்தி வைப்பது நல்லது," என்றேன். அவனிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அடுத்த குடும்பம் வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

அவன் ஓட்டத்தை விட்டான். தேர்வு முடிவு வந்தபோது அரையாண்டுத் தேர்வில் இருந்த இடத்திலேயேதான் இருந்தான்.

பத்தாண்டுகள் கழித்து, 2024-இல் ஒரு சனிக்கிழமை காலை, தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் தோசைக்குக் காத்து நின்றபோது ஒரு வாட்டசாட்டமான இளைஞன் வந்து வணங்கினான். அவனேதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து, தேசிய சேவையும் முடித்துவிட்டு வேலைக்குச் செல்வதாகச் சொன்னான். நானாகவே கேட்டேன்: "இப்போதும் ஓடுகிறாயா?" சிரித்தான். "இல்லை டீச்சர். அப்போ விட்டது, அப்படியே போயிடுச்சு." பிறகு, என்னைக் குறை சொல்லும் எண்ணம் சிறிதுமின்றி, வேறொன்றையும் சொன்னான். "ஓடிக்கிட்டு இருந்தப்போ எத்தனை மணிக்குப் படிக்கணும்னு எனக்குத் தெரியும். விட்டப்புறம் நாள் முழுக்கப் படிக்கிற நேரம்தான். அதனால எப்பவுமே படிக்கலை."

தோசையை வாங்கிக்கொண்டு வெகுநேரம் உண்ணாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவன் சொன்னது எனக்குப் புதிய செய்தியன்று. ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் ஹாக்கி விளையாடியவள்தான். இரண்டாம் ஆண்டில் பள்ளிக்குச் சென்று பாடம் நடத்தும் பயிற்சி தொடங்கியபோது, பாடத் திட்டம் எழுதவும் துணைக்கருவிகள் செய்யவும் நேரம் வேண்டும் என்று மட்டையைக் கீழே வைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பத்து வாரங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மிச்சமான மாலைப் பொழுதுகள் பாடத் திட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. களைப்புக்கும் தொலைக்காட்சிக்கும்தான் போயின. பத்து வாரங்கள் முடிந்தன, வேலை வந்தது, திருமணம் வந்தது. மட்டை மட்டும் திரும்ப என் கைக்கு வரவில்லை.

இந்த இரண்டு அனுபவங்களும் ஒரே பாடத்தைச் சொல்லின. விளையாட்டை விட்டால் அந்த நேரம் தானாகப் படிப்பின் கணக்கில் வரவாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி ஆவதில்லை. ஆயினும் இதை மட்டும் வைத்துக்கொண்டு, "நீ விளையாடு, எல்லாம் சரியாகிவிடும்," என்று மகளிடம் சொல்லிவிடவும் முடியவில்லை. வேதியியல் மதிப்பெண் கண்முன் நின்றது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த வாரத்தில் பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கு ஒரு வேலையாகச் சென்றிருந்தேன். திரும்பும்போது நேரே ரயில் நிலையத்துக்குள் இறங்காமல், ஃபேரர் பார்க் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தேன். அந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. குதிரைகள் போன பிறகு அத்திடல் விளையாட்டுத் திடலாயிற்று. 1973-இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்படும்வரை, நம் ஓட்டக்காரர்களுக்கும் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கும் ஃபேரர் பார்க்தான் பெரிய ஆதாரம். அங்கே நடக்கும்போது எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். இருவரும் தமிழ்ப் பெயர் தாங்கியவர்கள். இருவருக்கும் இந்த ஊரில் படிப்பு இருந்தது, ஓட்டமும் இருந்தது.

ஒருவர் மணி ஜெகதீசன். 1943-இல் மலாயாவில் பிறந்தவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 16. பிறகு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க வந்தார். மருத்துவப் படிப்பின் சுமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஓடுவதை நிறுத்தவில்லை. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அதே 200 மீட்டரில் அரையிறுதி. 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கங்கள். 1967-இல் மருத்துவப் பட்டம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். மலேசியாவில் அந்தச் சாதனையை 49 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை. 2017-இல் கைருல் ஹஃபிஸ் ஜன்தான் 20.90 விநாடியில் ஓடியபோதுதான் அது வீழ்ந்தது. "பறக்கும் மருத்துவர்" என்று அவரை அழைத்தார்கள்.

மற்றவர் சி. குணாளன். 1942-இல் பேராக் மாநிலத்தில் பிறந்து சிங்கப்பூரில் ஆசிரியரானவர். ஆசிரிய நண்பர்களே, அவர் நம் இனம்! காற்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரிடம் வேகம் இருப்பதைக் கண்டு ஓட்டப் பாதைக்கு அழைத்து வந்தவர் பயிற்றுநர் டான் எங் யூன். அப்போது குணாளன் இருபது வயதைத் தாண்டிவிட்டார். ஓட்டக்காரருக்கு அது தாமதமான தொடக்கம். 1968-இல் மெக்சிகோவில் அவர் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி, விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அதைக் கடந்தார்.

இவர்கள் இருவரும் ஒரே கோட்டில் நின்ற நாள் ஒன்றுண்டு. 1966 டிசம்பர், பேங்காக், 100 மீட்டர் இறுதி ஓட்டம். இருவருக்கும் ஒரே நேரம், 10.5 விநாடி. முதலில் வந்தவர் யார் என்பதைப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஜெகதீசனுக்குத் தங்கம், குணாளனுக்கு வெள்ளி. ஆசியாவின் அன்றைய அதிவேக மனிதர்கள் இருவரில் ஒருவர் பட்டம் பெறாத மருத்துவ மாணவர், மற்றவர் பள்ளிக்கூட ஆசிரியர்!

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீசனின் ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1960, 1962, 1964, 1966, 1968. ஒலிம்பிக்கும் ஆசியப் போட்டியும் மாறி மாறி வருவதால், மிகப் பெரிய போட்டி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. இடையில் சிறிய போட்டிகள் இருந்தன, தேர்வுகளும் இருந்தன. அந்தத் தாளைப் பார்த்தபோது, நாம் வழக்கமாகச் சொல்லும் "சமநிலை" என்ற சொல்லே தவறோ என்று தோன்றியது. தராசின் இரண்டு தட்டுகள்போலப் படிப்பும் விளையாட்டும் ஒவ்வொரு நாளும் சமமாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் பிள்ளை ஒடிந்துபோவாள். ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்று முன்னே நிற்கும், மற்றது பின்னே நிற்கும். பிறகு இடம் மாறும். எது எப்போது முன்னே நிற்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் திறமை.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அரசனுக்குச் சொன்னவை என்று விளக்கம் கூறிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். தன் வலிமையை அறிந்தால் மட்டும் போதாது, காலத்தையும் அறிய வேண்டும் என்னும் அந்த வரிசை, கல்லூரியில் சேரும் ஒரு பிள்ளைக்கும் பொருந்தும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெகதீசனையும் குணாளனையும் காட்டி, "பார், அவர்களால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?" என்று பிள்ளைகளை அடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் அபூர்வமானவர்கள். இன்றைய விளையாட்டும் அன்றையதைப்போல் இல்லை. பயிற்சி மணிநேரம் எல்லா நாடுகளிலும் கூடிக்கொண்டே போகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு மாணவர்களின் படிப்பைப் பாதிக்கிறதென்று கண்டு, 1991-இல் ஒரு வரம்பு வைத்தார்கள். போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் கட்டாயப் பயிற்சி கூடாது, ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே உண்மையில் செலவாகும் நேரம் அதைவிட அதிகம். நேரம் ஒரு பொருட்டே இல்லை என்று யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. அதனால்தான் மகளுடன் உட்கார்ந்து உண்மைக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல் உட்கார்ந்தோம். வாரத்துக்கு 168 மணி நேரம். முதலில் தூக்கத்தை எழுதச் சொன்னேன். "அம்மா, அதைக் கடைசியில எழுதலாம்," என்றாள். கூடாது என்றேன். நாளுக்கு 8 மணி வீதம் 56 மணி நேரம் முதல் வரியில் ஏறியது. மீதி 112. விரிவுரை, ஆய்வுக்கூடம் 26. சொந்தப் படிப்பும் அறிக்கைகளும் 30. பயணம் 12. பயிற்சி 10. ஆட்டம் இருக்கும் வாரத்தில் இன்னும் 4. உணவு, குளியல், துணிமணி ஆகியவற்றுக்கு 14. கூட்டினால் 96. மிச்சம் 16 மணி நேரம்.

அவளுக்கே வியப்பாக இருந்தது. "இவ்வளவு மிச்சம் இருந்தா நான் ஏன் இப்படிக் கஷ்டப்பட்டேன்?" என்று கேட்டாள். தேர்வுக்கு முந்திய வாரத்துக்கு மற்றொரு தாளில் கணக்கிட்டோம். சொந்தப் படிப்பு 30 என்பது 45 ஆனது. மிச்சம் ஒரே ஒரு மணி நேரம். ஒரு காய்ச்சல் வந்தாலோ, ஓர் ஆய்வைத் திரும்பச் செய்ய நேர்ந்தாலோ எல்லாம் சரிந்துவிடும். முதல் பருவத்தில் நடந்தது இதுதான். பிடி இறுகிய வாரங்களில் அவள் தூக்கத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறாள். கடன் வாங்கிய தூக்கத்தோடு ஆய்வுக்கூடத்தில் நின்றிருக்கிறாள்.

பருவத்தில் பாடம் நடக்கும் வாரங்கள் 13. அவற்றின் தேதிகளை ஒரு பெரிய தாளில் கோடு போட்டு எழுதினோம். செய்முறைத் தேர்வுகள், அறிக்கைக் கெடுக்கள், ஆட்ட நாள்கள் எல்லாவற்றையும் அதில் குறித்தாள். 13 வாரங்களில் 9 வாரங்கள் எந்த மோதலும் இல்லாமல் கிடந்தன. 4 வாரங்களில் மட்டுமே இரண்டும் முட்டிக்கொண்டன. ஹாக்கியை விடுவதா வேண்டாமா என்ற பெரிய கேள்வி, இந்த 4 வாரங்களில் என்ன செய்வது என்ற சிறிய கேள்வியாகச் சுருங்கியது.

அதற்காக அது எளிய கேள்வியாகிவிடவில்லை. அந்த 4 வாரங்களில் இரண்டில், மார்ச் மாதக் கோப்பைப் போட்டியின் முக்கியமான ஆட்டங்கள் இருந்தன. அவள் ஜனவரியிலேயே பயிற்றுநரைச் சந்தித்து, அந்த இரு வாரங்களிலும் பயிற்சிக்கு வர இயலாது, ஆட்டத்துக்கு மட்டும் வர முடியும் என்று சொன்னாள். பயிற்றுநர் கோபப்படவில்லை. ஆனால், "பயிற்சிக்கு வராதவளுக்குத் தொடக்கப் பதினொருவரில் இடம் தர முடியாது. அது மற்றவர்களுக்கு நியாயமாக இருக்காது," என்றாராம். அவர் சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது. என் கணவர் ஒரு பருவம் மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

மார்ச் மாதம் அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க நாங்கள் இருவரும் சென்றிருந்தோம். அவள் மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுக்களத்தில் அவளுடைய இடத்தில் இன்னொரு பெண் ஆடினாள். கடைசிக் கால் பகுதியில்தான் இவளை இறக்கினார்கள். அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. ரயிலில் திரும்பும்போது அவள் சன்னலைப் பார்த்தபடி அழுதாள். விளையாட்டை விடச் சொன்ன என் கணவர்தான் பொறுக்க முடியாமல், "இவளை ஏன் முன்னாடியே இறக்கலை?" என்று என்னிடம் முணுமுணுத்தார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

மே மாத இறுதியில் முடிவு வந்தது. அற்புதம் எதுவும் நிகழவில்லை. மதிப்பெண்கள் ஒரு படி உயர்ந்திருந்தன. வேதியியல் பாடத்தில் இனி அச்சமில்லை என்ற நிலை. அணியிலும் அவள் இருக்கிறாள். இரண்டிலும் அவள் முதலிடத்தில் இல்லை. ஆனால் இரண்டையும் தன் கணக்கோடு, தன் இழப்போடு, தானே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். அரையிறுதியில் வெளியே உட்கார்ந்திருந்த அந்த முக்கால் பங்கு நேரம் அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பதை நான் அறிவேன். அந்த வலி இல்லாத வழி ஒன்று இருப்பதாகப் பிள்ளைகளிடம் நாம் சொல்லக்கூடாது.

நாம் மறந்துவிடும் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். படிப்பும் விளையாட்டும் எப்போதும் இரண்டாகவே இருப்பதில்லை. ஜெகதீசன் 1968-க்குப் பிறகு ஓட்டத்திலிருந்து விலகி மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார். ஆனால் ஆசிய அளவிலும் காமன்வெல்த் அளவிலும் விளையாட்டு மருத்துவப் பணியில் நெடுங்காலம் அவர் இருந்தார். குணாளன் இங்கிலாந்தின் லஃப்பரோவில் உடற்கல்வி படித்து வந்து, உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளராக இருந்தார். ஒருவருக்கு ஓட்டம் மருத்துவத்தோடு கலந்தது. மற்றவருக்கு ஆசிரியத் தொழிலோடு கலந்தது. இருபது வயதில் எதிரிகள்போல் தெரிந்தவை நாற்பது வயதில் ஒன்றுக்கொன்று துணையாகிவிட்டன. நம் காலத்திலும், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் படித்த சாந்தி பெரேரா, 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1974-க்குப் பிறகு திடல்தடப் போட்டிகளில் சிங்கப்பூருக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது.

பதக்கம் வாங்குபவர்கள் சிலரே. என் மகள் வாங்கப்போவதில்லை. 2014-இல் ஓட்டத்தை விட்ட மாணவனும் வாங்கியிருக்க மாட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது பதக்கம் அன்று. மாலை ஐந்து மணிக்கு ஓட்டம், ஏழு மணிக்குப் படிப்பு என்ற ஓர் ஒழுங்கு. அதை அவன் தானே உண்டாக்கிக்கொண்டிருந்தான். நான் அதைக் கலைத்துவிட்டேன்.

ஆகவே நண்பர்களே, இப்போதெல்லாம் யாராவது "நிறுத்திடலாமா?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. மூன்று காரியங்களை மட்டும் செய்யச் சொல்கிறேன். முதலாவது, பிள்ளையே தன் கையால் ஒரு வாரத்தின் மணிநேரங்களை எழுத வேண்டும், தூக்கத்தை முதல் வரியில் எழுத வேண்டும். இரண்டாவது, தேர்வும் போட்டியும் மோதும் வாரங்கள் எவை என்பதை முன்கூட்டியே வட்டமிட்டு, பயிற்றுநரிடமும் ஆசிரியரிடமும் வாய்திறந்து சொல்ல வேண்டும். மூன்றாவது, அந்த வாரங்களில் எதை இழக்கச் சம்மதம் என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக்கூடாது. இவ்வளவும் செய்த பிறகு விளையாட்டை விடுவதே சரி என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால், அது நல்ல முடிவுதான். தானே கணக்குப் போட்டு விட்டவனுக்குத் திரும்பிவரும் வழியும் தெரிந்திருக்கும்.

இவ்வாண்டு பெற்றோர் சந்திப்பில், தொடக்கநிலை ஆறில் படிக்கும் ஒரு பையனின் தாயார் அதே கேள்வியைக் கேட்டார். அவன் பூப்பந்து ஆடுபவன். இம்முறை நான் அவன் பக்கம் திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். அவன் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தான். வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை அந்தத் தாள் கோணல்மாணலான கட்டங்களோடு என் மேசைக்கு வந்தது. தூக்கம் முதல் வரியில் இருந்தது. புதன்கிழமைப் பூப்பந்துக்குப் பச்சை நிறம் தீட்டியிருந்தான். கணிதத்துக்கு அதற்குப் பக்கத்திலேயே இரண்டு கட்டங்கள். சனிக்கிழமைப் பயிற்சியின்மேல் ஒரு கோடு போட்டு, "செப்டம்பர் வரை வேண்டாம்" என்று எழுதியிருந்தான்.

ஒரு நகல் எடுத்து என் கோப்பில் வைத்துக்கொண்டேன். 2014-இல் நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய தாள் அது.